மேல் ரூம் டாய்லெட் சீட்டும் நானும்

ரூம் வாடகைக்கு விடுகிற தொழிலில், வருகிறவர்கள் முதலில் கேட்பது "ஜன்னல்ல மலை தெரியுமா?" என்றுதான், போகும்போது சொல்கிற குறையெல்லாம் பாத்ரூமைப் பற்றித்தான்.

செங்கம் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் எங்கள் வீடு. கீழே நாங்கள், மாடியில் இரண்டு ரூம். என் வீட்டுக்காரருக்கு வேங்கிக்காலில் வாட்ச்மேன் வேலை. அதனால் ரூம் என் பொறுப்பு. நான் ஏழாவதோடு நின்றவள். பெருக்கித் துடைத்து, சாவி கொடுத்து வாங்க அந்தப் படிப்பு போதும் என்று நினைத்திருந்தேன். டாய்லெட் சீட்டுக்கு இவ்வளவு படிக்க வேண்டியிருக்கும் என்று யார் கண்டார்கள்? நீங்களும் ரூம் பார்த்துக்கொள்கிறவர் என்றால், இதைப் படிக்கும்போதே உங்கள் வீட்டு சீட்டை ஆட்டிப் பார்க்க வேண்டும் என்று கை பரபரக்கும். போய்ப் பார்த்துவிட்டே வாருங்கள், நான் இருக்கிறேன்.

ஜெயா அம்மாவின் போன்

ஜெயா அம்மா ரிட்டயர் ஆன டீச்சர். பெங்களூரில் மகளோடு இருக்கிறார். வருஷா வருஷம் கார்த்திகை தீபக் கூட்டம் கலைந்ததும் வந்து, பொங்கல் வரை எங்கள் மேல் ரூமில் தங்குவார். வருஷத்தில் அவர் தனியாக, தன் இஷ்டத்துக்கு இருப்பது அந்த நாட்களில் மட்டும்தான். போன முறை அவர் உட்காரும்போது சீட்டு ஒரு பக்கமாக நழுவிவிட்டது. பைப்பைப் பிடித்துத் தப்பித்தார். ஒன்றும் ஆகவில்லை என்று சிரித்தார். எனக்குத்தான் அன்றிலிருந்து எந்த பாத்ரூமில் எது விழுந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

இந்த ஐப்பசியில் போன் செய்தார். இரண்டு முட்டியிலும் ஆபரேஷன் ஆகியிருக்கிறதாம். கம்பு வைத்துக்கொண்டு நடக்கிறாராம். "வாங்கம்மா, எல்லாம் சரியா இருக்கும்" என்று நானும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அதற்கு அவர் சொன்னதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. "அங்க மட்டும் வழுக்கி விழுந்தேன்னு வை, என் பொண்ணு இனிமே என்னை எங்கயும் அனுப்ப மாட்டா. உன்னை நம்பித்தான் வரேன்."

பௌர்ணமிக்கு வந்தவர்

அந்த வாரமே பௌர்ணமி. ஆரணிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து மேல் ரூமை எடுத்தது. நல்ல மனுஷர்கள். கிரிவலம் போய் வந்து, படுத்து எழுந்து, காலையில் சாவியைக் கொடுத்தார்கள். மேலே போய்ப் பார்க்கிறேன், சீட்டு குறுக்கே விரிசல் விட்டுக் கிடக்கிறது. கையை வைத்தால் தோலைக் கிள்ளுகிறது. அந்தக் குடும்பத்துப் பெரியவர் படியில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார்: மேலே ஏறிக் குந்தித்தான் உட்கார்ந்தாராம்.

அவரை என்ன சொல்வது? மாடியில் அந்த வெஸ்டர்ன் கமோடை வைத்த புதிதில், அதில் உட்காரப் பழகாமல் நானே ஒரு மாதம் கீழ் வீட்டு இந்தியன் டாய்லெட்டுக்கு ஓடி வந்தவள்தான். ஆனாலும் ஜெயா அம்மா முகம் கண் முன்னால் வந்து நின்றது. "அது உக்கார்றதுக்குங்க, ஏறி நிக்கிறதுக்கு இல்லை" என்றேன். அவருக்கு ரொம்ப வருத்தமாகிவிட்டது. "சாமி சத்தியமா சொல்றேம்மா, காலை நல்லா கழுவிட்டுத்தான் மேல ஏறினேன்."

மடியில் வைத்தது

சீட்டு என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து, கடையில் வெள்ளையாக ஒன்றை எடுத்து வந்தேன். வீட்டில் வைத்துப் பார்த்தால் அது வட்டம். எங்கள் கமோடு முட்டை வடிவம். முன் பக்கம் பீங்கான் நாக்கு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பின்னால் இருக்கிற இரண்டு ஓட்டையும் சேரவில்லை. நீளம், அகலம், ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில் இருக்கிற தூரம் மூன்றையும் அளந்துகொண்டு போக வேண்டுமாம். எனக்கு டேப் பிடித்து அளக்கப் பயம், தப்பாக அளந்துவிட்டால்? அதனால் புது சீட்டைப் பையில் போட்டுக்கொண்டு, உடைந்த பழையதையே நன்றாகக் கழுவி, வெளியே தெரியாமல் ஒரு மஞ்சள் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

எதிரில் பூக்கூடையோடு ஒரு அம்மா. காலுக்குக் கீழே நான் வைத்த மூட்டையையே பார்த்துக்கொண்டு வந்தார். மஞ்சள் துணி, தட்டையான பொருள், நான் போவதோ கோயில் பக்கம். கன்னத்தில் போட்டுக்கொண்டார். உண்மையைச் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அவரே குனிந்து மூட்டையைத் தூக்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் கொடுத்தார். "இன்னாம்மா நீ, சாமி படத்தைப் போய்க் காலடியில வெச்சிருக்கே? மடியில வை."

கோபுரம் வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன்.

உட்கார்ந்து பார்த்தது

கடைக்காரர் பழையதைப் புதியவற்றின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். ஒரே நிமிஷத்தில் பொருத்தமானது கிடைத்துவிட்டது. மூடி மெதுவாகத் தானே இறங்குகிற வகை. எடையும் ஜாஸ்தி, அடியில் ரப்பர் கட்டையும் இருந்தது. எனக்குத்தான் மனசு அடங்கவில்லை. முட்டி ஆபரேஷன் ஆனவர்கள் உட்கார்ந்தால் நகருமா? ஒரு பக்கமாகச் சாய்ந்தால்? எழுந்திருக்கும்போது ஓரத்தில் கையை ஊன்றினால்? அவர் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். கடைசியில், கடை வாசலில் பார்வைக்கு வைத்திருந்த கமோடில் அதை வைத்துக் காட்டினார். நான் தெருவைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். "ஒரு வாட்டி உக்காந்து பாக்கட்டுங்களா?" என்று கேட்டே விட்டேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: "தாராளமா உக்காருங்கம்மா, இது கடைங்கறது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்."

வீட்டுக்காரரின் பரீட்சை

சீட்டை மாட்டியது என் வீட்டுக்காரர். பழைய திருகு துருப்பிடித்துப் போயிருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டு ஊறவைத்துக் கழற்றினோம். புதியதற்கு பிளாஸ்டிக் திருகு. அவர் ஸ்பானரை எடுத்தாரோ இல்லையோ, நான் கையைப் பிடித்துக்கொண்டேன். பிளாஸ்டிக் திருகைக் கையால்தான் முடுக்க வேண்டும், அதிகமாக முறுக்கினால் பீங்கானே விரிசல் விட்டுவிடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். கையால் முடுக்கினார். அப்புறம் அவரை உட்காரச் சொன்னேன். வலது பக்கம் சாயச் சொன்னேன். இடது பக்கம். சுவரில் புதிதாக அடித்த கைப்பிடியைப் பிடித்து எழுந்திருக்கச் சொன்னேன். மறுபடியும் முதலிலிருந்து. போட்டிருந்த பேன்ட்டோடு உட்கார்ந்தபடி அந்த மனுஷன் என்னையே முறைத்தார். "பொண்ணு பாக்க வந்தன்னிக்குக்கூட என்னை யாரும் இப்படி உக்கார வெச்சுப் பாக்கலடி."

செல்வியின் கேள்வி

ரூம் சுத்தம் செய்ய செல்வி வருவாள். எங்கள் போர் தண்ணி உப்பு. எதில் பட்டாலும் வெள்ளைத் திட்டு நிற்கும். அதனால் எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே மருந்து, ஆசிட். புது சீட்டின் மேலும் பாட்டிலைச் சாய்க்கப் போனாள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து ரூமில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் வெளியே வந்துவிட்டார். ஆசிட் பட்டால் பளபளப்பு போய் மஞ்சளாகும், கீல் அரித்துப்போகும். சோப்புத் தண்ணியில் துணியை நனைத்துத் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும். நார் வைத்துத் தேய்க்கவும் கூடாது. இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிவிட்டு, மனசு கேட்காமல் மாலையில் நானே ஒரு தடவை துடைத்தேன். மறுநாள் காலையிலும் நானே துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அவள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள். "ஏன்க்கா, இதுல யாரையாவது உக்கார விடுவீங்களா, இல்ல சும்மா துடைச்சுகிட்டேதான் இருக்கப் போறீங்களா?"

தானாக இறங்கும் மூடி

செல்வி கேட்டதற்குப் பதில் போல, ஒருவரை அதில் உட்கார விட வேண்டி வந்தது. சென்னையிலிருந்து ஒரு தம்பி ரெண்டு நாள் தங்க வந்தார். மாடியிலிருந்து கூப்பிட்டார்: "ஆன்ட்டி, மூடி மாட்டிக்கிச்சு, அழுத்தறேன், இறங்க மாட்டேங்குது." செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். அந்த வகை மூடியை அழுத்தக் கூடாது. அழுத்தினால் கீல் போய்விடும். நல்லவேளை, தப்பித்தது. உடனே ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன்: "மூடியை அழுத்தாதீர்கள். பொறுங்கள். அதுவே இறங்கும்." கீழே, "காலை வைத்து ஏறாதீர்கள். கழுவிவிட்டும் ஏறாதீர்கள்." சாவி கொடுக்க வரும்போது அந்தத் தம்பி சொன்னார்: "நீங்க பொறுங்கன்னு எழுதினதால அது இறங்குற வரைக்கும் நின்னு பாத்தேன் ஆன்ட்டி, மலையைப் பாத்தப்பக்கூட மனசு இவ்ளோ அமைதியா இல்லை."

தீபத்துக்குப் பூட்டிய ரூம்

தீபத்துக்கு எங்கள் ஊரில் ரூம் கிடைப்பது குதிரைக் கொம்பு. தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் கதவைத் தட்டினார்கள். எனக்கோ, வருகிற ஒவ்வொருவரும் அந்த சீட்டின் மேல் ஏறி நிற்பது போலவே தோன்றியது. மேல் ரூமைப் பூட்டி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "ஊரே படுக்க இடம் இல்லாம ரோட்டுல நிக்குது, நீ சீட்டுக்கு ரெஸ்ட் குடுத்துகிட்டு இருக்கியா?"

கதவுக்கு வெளியே

ஜெயா அம்மா வந்தார். கம்பை ஊன்றி, படிக்கு ஒரு மூச்சு விட்டு மேலே ஏறினார். ஜன்னலைத் திறந்து மலையைக் கும்பிட்டார். பிறகு பாத்ரூமுக்குப் போனார். நான் கதவுக்கு வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கைப்பிடியைப் பிடிக்கிற சத்தம். உட்காருகிற சத்தம். நழுவுகிற சத்தம் இல்லை. திடீரென்று உள்ளே தொப்பென்று ஏதோ விழுந்தது.

"அம்மா!" என்று கத்திக் கதவைத் தட்டிவிட்டேன். "சோப்பு டப்பாடி" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "சீட்டு ஆடுதாம்மா?" என்றேன். "ஆடல." "கைப்பிடி?" "அதுவும் ஆடல." "எழுந்திருக்க முடியுமாம்மா? நான் இங்கதான் நிக்கறேன், எங்கயும் போகல." பிறகு வகுப்பில் பிள்ளைகளை அடக்குகிற அந்தப் பழைய டீச்சர் குரலில் ஜெயா அம்மா சொன்னார்: "சீட்டு நல்லா இருக்கு, நானும் நல்லா இருக்கேன், ஆனா நீ அங்க நிக்கிற வரைக்கும் எனக்கு இங்க ஒண்ணும் நடக்காது, கீழ போய் டீ போடு."

அடுத்தவர் நிம்மதியாக உட்காருவதற்காக நாம் நின்றுகொண்டே இருக்கிற பிழைப்பு இது, அதுவும் கொஞ்சம் தள்ளிப் போய்த்தான் நிற்க வேண்டுமாம்.