மேம்பாலத்தில் வந்த படபடப்பு

சேவூரிலிருந்து திருப்பூருக்கு ஆள் ஏற்றிப்போகும் பனியன் கம்பெனி வேன்களில், மகுடேஸ்வரன் ஓட்டும் வேனில் இடம் கிடைப்பதே தனி யோகம் என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். வண்டி ஓட்டம் யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்பது அவனுக்கு மனப்பாடம். குமட்டுகிறவர்களுக்கென்று எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருப்பான். வாய் மட்டும் ஓயாது. மேனேஜர் நடப்பது, சூப்பர்வைசர் தும்முவது என்று ஒவ்வொன்றாக நடித்துக் காட்டியபடியே அவிநாசியையும் அனுப்பர்பாளையத்தையும் தாண்டிவிடுவான்.

அப்படிப்பட்டவனுக்குத்தான் போன ஐப்பசியில், ரயில் பாதைக்கு மேலே போகும் மேம்பாலத்தில் அது வந்தது. முன்னால் ஒரு லாரி பழுதாகி நின்றுவிட, வண்டிகள் நகரவில்லை. மழை வேறு. திடீரென்று அவன் நெஞ்சு தறி ஓடுவதுபோல அடித்துக்கொண்டது. கை மரத்துப்போனது. வேர்த்துக் கொட்டியது. எவ்வளவு இழுத்தாலும் மூச்சு போதவில்லை.

"அக்கா, எனக்கு என்னமோ ஆகுதுங்க" என்று மட்டும் சொன்னான்.

முன் சீட்டில் இருந்த குப்பாயி, செக்கிங் பிரிவில் பழம் தின்று கொட்டை போட்டவர். பதறாமல் அவனை இறக்கி, எதிர்ப்பக்கம் வந்த ஒரு ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. கேஸ் தொல்லையாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வாரம் அதே பாலத்தில் மறுபடியும் வந்தது. அதன்பிறகு மகுடேஸ்வரன் பாலத்துப் பக்கமே போகவில்லை. ஊரைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் போனான். வேலைக்குத் தாமதமாகிறது என்று பெண்கள் முனகினார்கள். அவனோ நாளுக்கு நூறு முறை நாடி பார்த்தான். காபியை விட்டான், காரத்தை விட்டான், மாடிப்படி ஏறுவதை விட்டான். தண்ணீர் பாட்டிலும் கேஸ் மாத்திரையும் இல்லாமல் வாசலைத் தாண்டுவதில்லை. மாகாளியம்மன் கோயிலில் கயிறும் கட்டிக்கொண்டான். நடிப்பும் பேச்சும் எங்கே போயின என்று தெரியவில்லை.

ஈ.சி.ஜி., ஸ்கேன் என்று திரும்பத் திரும்ப எடுத்தபின், கடைசியில் இதய டாக்டர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "என்னோட இதயத்தைவிட உங்களது நல்லா இருக்குதுங்க. மனநல டாக்டரைப் பாருங்க."

வீடு வந்து சேர்ந்தும் அவனுக்கு மனம் ஆறவில்லை. "எனக்குப் பைத்தியம்னு சொல்றாரு பாரு" என்றான் மனைவியிடம்.

சத்யப்பிரியா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "ஏனுங்க, பாலத்தைக் கண்டாத்தான் பயமா இருக்குதுன்னு நீங்கதான சொல்றீங்க? பயத்துக்கு வைத்தியம் பாக்காம நெஞ்சைப் போட்டோ புடிச்சுட்டே இருந்தா எப்படீங்க? நாளைக்குப் போலாம். நானும் வாறேன்."

அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் பொறுமையாகக் கேட்டார். இது பலருக்கும் வருவதுதான், பெயர் பீதி நோய், குணமாகும் என்றார். தினமும் சாப்பிட ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்து, பலன் தெரிய சில வாரம் ஆகும், தானாக நிறுத்தக்கூடாது என்றும் சொன்னார். பிறகு பக்கத்து அறைக்கு அனுப்பினார். அங்கே தமிழ்மதி என்ற உளவியலாளர் இருந்தார். பார்த்தால் கல்லூரிப் பெண் போல இருந்தார்.

"உங்க கம்பெனியில தீ அலாரம் இருக்குதுங்களா?" என்று கேட்டார் தமிழ்மதி.

"இருக்குதுங்க மேடம்."

"டீ ஆவி பட்டு அது கத்துனா, கம்பெனி எரியுதுன்னு அர்த்தமா?"

"இல்லீங்க."

"உங்க உடம்புல அந்த அலாரம்தான் சும்மா கத்துது. கத்துனா ஒண்ணும் ஆகாதுன்னு உடம்புக்கே நாம காட்டோணும். இப்ப இந்த நாற்காலியில உக்காந்து சுத்துங்க."

மகுடேஸ்வரன் மனைவியைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். சுழல் நாற்காலியில் அவன் சுற்றினான். தலை கிறுகிறுத்தது, நெஞ்சு அடித்தது, பாலத்தில் வந்ததெல்லாம் அப்படியே வந்தது. நாடி பார்க்கக் கை போனபோது, "வேண்டாங்கண்ணா, அப்படியே வுடுங்க" என்றார் தமிழ்மதி. விட்டான். கொஞ்ச நேரத்தில் நெஞ்சடிப்பு தானாகவே அடங்கியது. அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"நீங்களும் ஒருக்கா சுத்திக் காட்டுங்க மேடம்" என்றான். அவரும் தயங்காமல் சுற்றிவிட்டு, எழுந்ததும் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாசக்கணக்குக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

அடுத்தடுத்த வாரங்களில், படபடப்பை வேண்டுமென்றே வரவழைக்க மாடிப்படி ஏறி இறங்க வைத்தார், உறிஞ்சுகுழல் வழியாக மூச்சுவிட வைத்தார். கயிறு கையிலேயே இருக்கட்டும், தண்ணீர் பாட்டிலையும் கேஸ் மாத்திரையையும் மட்டும் வீட்டில் விட்டுப் போங்கள் என்றார். பிறகு பாலம். முதலில் சத்யப்பிரியாவுடன் நடந்தே போனான். பாதியில் கால் பின்வாங்கியது.

"திரும்பீரலாமா, சத்யா?"

"திரும்பலாங்க. பயம் கொஞ்சம் கொறையட்டும். இந்தாங்க, பொரி" என்று அவள் பொட்டலத்தைப் பிரித்தாள். இருவரும் கைப்பிடிச் சுவரோரம் நின்று, கீழே போன ரயில்களைப் பார்த்தபடி பொரியைத் தின்று முடித்தார்கள். அதற்குள் பயமும் குறைந்திருந்தது. அப்புறம் பைக்கில் போனான், காலி வேனை ஓட்டிப் போனான்.

ஆட்களோடு போன முதல் நாளே, பாலத்து உச்சியில் வண்டிகள் நின்றுவிட்டன. நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. மகுடேஸ்வரன் கைகளை ஸ்டியரிங்கில் தளர்வாக வைத்துக்கொண்டு, பின்னால் கேட்கும்படி சொன்னான்: "படபடப்பு வருதுங்க. யாரும் பயப்படாதீங்க. சித்த நேரத்துல எறங்கீரும்."

குப்பாயி கூடையைக் கையில் எடுத்தார். "நாங்களும் எறங்கோணுமா கண்ணு?"

"நீங்க இல்லீங்க்கா. பயம் எறங்கும்."

வேன் முழுக்கச் சிரிப்பு எழுந்தது. அவனும் சிரித்தான். முன்னால் வண்டிகள் நகர்ந்தபோது படபடப்பு பாதிக்குமேல் போயிருந்தது. மீதியைச் சுமந்துகொண்டே பாலத்தை விட்டு இறங்கினான்.

அதற்குப் பிறகும் இரண்டொரு முறை வந்து எட்டிப்பார்த்தது. வந்தால் வரட்டும் என்று இருக்கப் பழகிவிட்டான். டாக்டரே மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருகிறார். மேனேஜர் மறுபடியும் வேனுக்குள் நடக்கத் தொடங்கிவிட்டார். இப்போது நாற்காலியில் சுற்றும் தமிழ்மதியும் அந்த நாடகத்தில் உண்டு.

ஆடி பிறந்தபின் ஒருநாள், கம்பெனி வாசலில் எல்லோரும் இறங்கியதும் குப்பாயி மட்டும் வேனிலேயே உட்கார்ந்திருந்தார். கம்பெனி லிப்டில் தாம் இதுவரை ஏறியதே இல்லை என்றும், முட்டிக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டு மூன்று மாடியும் நடந்தே ஏறுவது பயத்தால்தான் என்றும் மெல்லச் சொன்னார்.

"அந்த நாற்காலியம்மா இதுக்கும் வைத்தியம் வெச்சிருப்பாங்களா சாமி?"

"வெச்சிருப்பாங்க்கா. வியாழக்கிழமை வெள்ளனே கெளம்புங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

குப்பாயி சேலையை உதறிக்கொண்டு இறங்கினார். "சுத்தச் சொன்னா நீயும் என்கூடச் சுத்தோணும்" என்று சொல்லிவிட்டு மாடிப் படிக்கட்டுப் பக்கம் நடந்தார்.