கேட்டுவிட்டுத் தூக்குங்கள்

பால் பூத் வரிசையில் நின்றிருந்தேன். எங்கள் காலனி மாயாண்டி சைக்கிளை நிறுத்தி, "கிரேஸ் டீச்சர் போயிட்டாங்கண்ணே" என்றார். வரிசை நகர்ந்தது, எனக்குக் கால் நகரவில்லை.

வண்டியூர்ப் பக்கம் எங்கள் காலனி உருவான எழுபதுகளிலிருந்தே ஒரு கீழ்த்தள வீட்டில் குடியிருந்தவர் டீச்சர். சிறுவயதில் வந்த போலியோவால் நடக்க இயலாது. சக்கர நாற்காலியில் மிஷன் பள்ளிக்குப் போய்க் கணக்குப் பாடம் நடத்தினார். அவரிடம் படிக்காதவர்களும் அவரைக் கண்டால் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொள்வார்கள். குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளரான நானும் அப்படித்தான்.

ஒரு ஐப்பசிப் புயலில் கண்மாய் நிரம்பி, தண்ணீர் காலனிக்குள் புகுந்தது. மாயாண்டி நல்ல மனசுக்காரர். உள்ளே ஓடி, டீச்சரை நெல்மூட்டை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு மாடியேறிவிட்டார். டீச்சரின் வலது இடுப்பு பிசகிவிட்டது. அவர் பள்ளிக்குத் திரும்ப மாதக்கணக்கில் ஆயிற்று. இன்னொரு முறை இப்படி நேர்ந்தால் உட்காரவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

புயல்கால விதிகளை எழுதச் சங்கம் கூடியது. "நடக்க இயலாதவர்களை இளைஞர்கள் உடனே தூக்கிச் செல்ல வேண்டும்" என்று பெருமையாக வாசித்தேன். டீச்சர் கையை உயர்த்தினார்.

"தூக்குங்க, வேணாங்கல. ஆனா கேட்டுட்டுத் தூக்குங்க. நான் என்ன கேஸ் சிலிண்டரா?"

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

"தண்ணி வாரப்ப கேக்க நேரம் ஏது டீச்சர்?" என்றேன்.

"கேக்க எம்புட்டு நேரமாகும் சார்? எங்க பிடிச்சா வலிக்கும்னு எனக்குத்தானே தெரியும்?"

விதியைத் திருத்தினோம். ஆதரித்து முதலில் கை தூக்கியவர் மாயாண்டி.

அடுத்த புயல் ஒரு சாயங்காலம் வந்தது. கரண்ட் இல்லை. முழங்கால் தண்ணீரில் நாலு பேர் ஓடினோம். வாசலில் மாயாண்டி எங்களைக் கையால் மறித்தார்.

"டீச்சர், தூக்கலாமா?"

"தூக்கலாம். நாற்காலியோட தூக்குங்க. வலது பக்கம் பாத்து."

தூக்கினோம். அவரோ கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எங்களுக்குப் படி காட்டினார். "மெதுவா, அடுத்த படி வழுக்கும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். யார் யாரைக் காப்பாற்றினார்கள் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. அந்த நிதானத்தை நினைத்தால் இப்போதும் மலைப்பாக இருக்கிறது.

நேற்று ஜெபம் முடிந்து பெட்டியை மூடினார்கள். தூக்கக் குனிந்தோம். மாயாண்டி கையால் மறித்தார். பெட்டியின் பக்கம் தலையைத் தாழ்த்தி, "டீச்சர், தூக்கலாமா?" என்றார்.

சற்று நேரம் அப்படியே காத்திருந்தோம். பிறகு மாயாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களிடம், "வலது பக்கம் பாத்து" என்றார்.

மெதுவாகத்தான் தூக்கினோம், டீச்சர். போய் வாருங்கள்.