அப்பா டெலிபோனுக்கு வரவில்லை

நான் ஸ்பானிஷ் படிக்கப் போனது அப்பாவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவில், வெக்ஸ்போர்டில் ஏழாம் மாடி அப்பார்ட்மெண்ட் ஒன்றில் இருந்தோம். எனக்கு இருபத்தாறு வயது. வேலையில் மூன்று மாதம் லீவு எடுத்து, முதுகுப் பையோடு மத்திய அமெரிக்காவைச் சுற்றப் போவதாக அறிவித்தேன்.

"குமர்ப்பிள்ளை முதுகில மூட்டையோட ஊர் ஊராத் திரியிறதோ? அகதியா அலைஞ்சது காணாதோ உனக்கு?" என்றார் அப்பா.

"அது துரத்தினபடியால அலைஞ்சது. இது நானா விரும்பிப் போறன்" என்றேன். எனக்கு வாய் நீளம். அவருக்கும் அப்படித்தான். விமான நிலையத்துக்கு அவர் வரவில்லை.

குவாத்தமாலாவில் ஒரு மலையூரில் தங்கினேன். ஆறு கிழமை படித்துவிட்டுத் தெற்கே போவதாகத் திட்டம். தினமும் காலையில் நான்கு மணித்தியாலம். ஒரு ஆசிரியை, ஒரு மாணவி, நடுவில் சின்ன மேசை. தப்பிக்கவே முடியாது. மத்தியானம் வீட்டுக்காரி கறுப்பு அவரையும் சோள ரொட்டியும் தருவார். நான் சோற்றுக்கு ஏங்குவதைக் கண்டு ஒருநாள் சோறு ஆக்கினார். அதையும் ரொட்டிக்குள் வைத்துச் சுருட்டித்தான் தந்தார்.

ஞாயிறு காலையில் டெலிபோன் கந்தோருக்குப் போவேன். வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தால் ஒரு பெண் "கனடா, மூன்று" என்று கூப்பிடுவாள். மூன்றாம் கூண்டுக்குள் ஓடுவேன். அந்தப் பக்கம் அம்மா எடுப்பார்.

"அப்பாவிட்டைக் குடுங்கோ" என்பேன். முதல் ஞாயிறு பின்னால் அவர் குரல் கேட்டது: "நான் கதைக்கேல்லை எண்டு சொல்லு." இரண்டாம் ஞாயிறும் அதே பாட்டு. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அடுத்த கிழமை இளகிவிடுவார் என்று நினைத்தேன். அவர் ஒருமுறை வந்து "சாப்பிட்டியோ" என்று கேட்டால் போதும் என்றிருந்தது.

மூன்றாம் ஞாயிறு அவர் குரலே இல்லை. "கோயிலுக்குப் போயிட்டார்" என்றார் அம்மா. நான்காம் ஞாயிறு, "குளிக்கிறார்." ஐந்தாம் ஞாயிறு எனக்கும் ரோசம் வந்துவிட்டது. அவரைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. வீட்டுக்காரியின் நாய் குட்டி போட்ட கதையைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அதன் பிறகும் கேட்கவில்லை. படிப்பு முடிந்து பஸ் மாறி மாறித் தெற்கே போனேன். எங்கிருந்து எடுத்தாலும் அம்மா, "நாங்கள் சுகம், நீ கவனம்" என்றார். அவராக வந்து பேசட்டும் என்று வீம்பாக இருந்தேன்.

ஏப்ரலில் திரும்பி வந்தபோது விமான நிலையத்தில் அண்ணா மட்டும் நின்றான். குளிர்த் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டிருந்தான். செல்லமாக வளர்த்த மீசை அரைகுறையாக முளைத்துக்கொண்டிருந்தது.

"உதென்ன அண்ணா, மீசை எங்கை? ஆரும் பெட்டை எடுக்கச் சொன்னவளோ?" என்று பகிடி விட்டேன்.

அவன் தொப்பியைக் கழற்றினான். மொட்டைத் தலையில் மயிர் அப்போதுதான் அரும்பியிருந்தது. எங்களில் தலையும் மீசையும் சேர்த்து மழித்தவன் பெற்றவருக்குக் கொள்ளி வைத்தவன். அம்மாவோடு போன ஞாயிறுதான் பேசியிருந்தேன்.

நான் போன மூன்றாம் கிழமை அப்பாவுக்கு மாரடைப்பு வந்திருக்கிறது. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி. எரித்து, மறுபடி மழித்து முப்பத்தோராம் நாள் சடங்கும் முடிந்துவிட்டது. எங்கள் ஆட்கள் தூரத்தில் இருக்கிறவர்களுக்குச் சாவு சொல்வதில்லை. தனிய இருக்கிற பிள்ளை அந்தரித்துப் போகும், வரட்டும் என்பார்கள். ஊரில் மாமா செத்ததை அம்மாவிடம் ஆறு மாதம் மறைத்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனாலும் அன்று காருக்குள் அண்ணாவின் தோளில் அடித்து அடித்துக் கத்தினேன். அவன் தோளை விலக்காமல் அடி வாங்கினான்.

வீட்டில் அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அழுது ஓய்ந்தபின், "அப்பா என்னைக் கேட்டவரோ?" என்றேன்.

"ஒவ்வொரு ஞாயிறும் கேப்பார், 'எடுத்தவளோ, என்னைக் கேட்டவளோ' எண்டு."

"அந்தக் கடைசி ஞாயிறு? நான் நாய் குட்டி போட்ட கதை சொன்ன அண்டைக்கு?"

"அண்டைக்கும் கேட்டவர்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"கேட்டவள் எண்டு சொன்னனான். பிறகுதான் ரெண்டு கரண்டி கஞ்சி குடிச்சவர்" என்றார் அம்மா.