பைதன் படிக்கச் சொன்ன அத்தான்

அத்தான் அந்தப் புத்தகத்தைப் பரிசுத் தாளில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். நத்தாருக்கு முந்திய ஞாயிறு, தமிழ்ப் பூசை முடிந்து, தேவாலய மண்டபத்தில் எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். சொக்லேட் பெட்டியாக்கும் என்று பிரித்தால், செங்கல் கனத்தில் ஜெர்மன் மொழியில் ஒரு புத்தகம், பைதன் என்ற கணினி மொழியைப் பற்றி. "அந்தப் பழைய பிஎச்பியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருந்தாக் காணாது பிள்ளை. இனி எல்லாம் இதுதான். வடிவாப் படி. வெயில் வரேக்க நாங்கள் ரெண்டுபேருமாச் சேர்ந்து தளத்தை மாத்துவம்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் அக்காவின் கணவர் என்பதற்கு மேலாக, நான் செய்வதை வேலையென்று மதித்த ஒரே ஆள் அவர்தான் என்று அப்போது நம்பியிருந்தேன்.

தளம் என்று அவர் சொன்னது, எங்கள் ஆட்களின் மரண அறிவித்தல்களைப் போடுகிற இணையத்தளத்தை. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. நான் பிராங்பேர்ட் விமான நிலையத்தில் ஒரு சரக்கு நிறுவனத்தின் அலுவலகத்தில் பகல் முழுவதும் பொதி இலக்கங்களைத் தட்டச்சு செய்துவிட்டு, மாலையில் வீட்டில் இருந்து அந்தத் தளத்தை எழுதினேன். அத்தான் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் இருந்தார். விளம்பரம் பிடிப்பது அவர், நிரல் எழுதுவது நான். தளம் அவருடைய பெயரில் பதிவாகியிருந்தது. ஒரே குடும்பம்தானே, அதையெல்லாம் யார் கேட்பார்கள்?

யாழ்ப்பாணத்து மரண அறிவித்தல் லேசுப்பட்ட காரியமல்ல. பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், தாய் தகப்பன், துணை, பிள்ளைகள், மருமக்கள், சகலன்மார் என்று ஒரு பெரிய குடும்பமே ஒற்றை வசனத்துக்குள் வந்து நிற்கும். முன்பே செத்தவர்களின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடவேண்டும். ஒரு பெயர் விடுபட்டால் அடுத்த கலியாண வீட்டில் முகம் பார்க்க மாட்டார்கள். அதனால் நான் ஒவ்வோர் அறிவித்தலையும் செத்த வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து முழுக்க வாசித்துக் காட்டுவேன். அவர்கள் அழுதபடியே "ஓம், சரி, போடுங்கோ" என்று சொன்ன பிறகுதான் அது தளத்தில் ஏறும். அப்படிக் கேட்காமல் ஏற்ற முடியாதபடிதான் நிரலையும் எழுதியிருந்தேன்.

நிரல் அழகானதென்று சொல்லமாட்டேன். "உன்ர கோட் ஒடியற்கூழ் மாதிரி. மீனும் கிடக்கு, நண்டும் கிடக்கு" என்று அத்தான் பகிடி விடுவார். உண்மைதான். பக்கத்தின் நிறம், தரவுத்தளம், உறவுமுறைக் கணக்கு எல்லாம் ஒரே கோப்புக்குள் கொதித்துக்கொண்டிருந்தன. பைதன் வேறு சாதி. வரியின் தொடக்கத்தில் விடுகிற இடைவெளி பிசகினாலே ஓடமாட்டேன் என்று நின்றுவிடும். வேலைக்குப் போகவும் வரவும் எஸ்-பான் ரயிலில் அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துப் படித்தேன். முதலில் எரிச்சல், பிறகு பிடிவாதம், பிறகு, பொய் சொல்வானேன், ஆசை. அறிவித்தல் வேறு, அதைக் காட்டும் பக்கம் வேறு என்று பிரித்து எழுதலாம் என்று விளங்கிய அன்று, இறங்கவேண்டிய நிலையத்தைத் தவறவிட்டேன்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அத்தான் ஞாயிறுகளில் வந்து பக்கத்தில் கதிரை போட்டு இருப்பார். இந்தக் கோப்பு என்ன செய்யுது, இந்த உறவு ஏன் அந்த உறவுக்கு முன்னால் வருகுது என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். வாய் ஓயாமல் விளங்கப்படுத்தினேன். போகும்போது மறக்காமல் சொல்வார்: "பழசில இப்ப கை வைக்காதை பிள்ளை. உன்ர கவனமெல்லாம் படிப்பில இருக்கோணும்." என்ன கரிசனை என்று நினைத்தேன்.

மரங்கள் துளிர்க்கத் தொடங்கிய நேரம் மன்னார்க்காரர் ஒருவர் என்னை அழைத்தார். தன் தகப்பனின் மரண அறிவித்தலில், எப்போதோ செத்துப்போன தாயை உயிரோடு இருப்பவராகப் போட்டிருக்கிறோம் என்று கத்தினார். "என்ர அம்மாவைப் புதைச்ச கை இது. ஏன் தங்கச்சி ஒருக்கா வாசிச்சுக் காட்டேல்லை?" எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருடைய தகப்பன் செத்ததே எனக்குத் தெரியாது. தளத்தைத் திறந்தேன். அதே நிறம், அதே எழுத்து. திருத்தலாம் என்று உள்ளே போகப் பார்த்தால், என் கடவுச்சொல்லை அது ஏற்கவில்லை.

நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மறைக்கவுமில்லை. "கோவிக்காதை. எர்லாங்கன்ல எனக்குத் தெரிஞ்ச இந்தியப் பெடியள் பைதன்ல கெதியா எழுதித் தந்தவங்கள். நீ பழசைக் கிண்டி மாத்திக்கொண்டு இருந்தா அவங்களுக்குக் கரைச்சல் எல்லே? அதுதான் உன்னைப் படிக்க விட்டனான்."

"அப்ப வாசிச்சுக் காட்டுறது?"

"அதுக்கெல்லாம் ஆர் மினக்கெடுறது? இப்ப சொந்தக்காரர் ஆரெண்டாலும் தாங்களே எழுதித் தாங்களே போடலாம்."

அக்காவைப் பார்த்தேன். அவள் கறிச்சட்டியைப் பார்த்தபடி, "எனக்குத் தெரியும். உன்னட்டச் சொல்லவேண்டாம் எண்டு இவர்தான் சொன்னவர்" என்றாள். கூடப் பிறந்தவளும் சேர்ந்துதான் குழி பறித்திருக்கிறாள். உப்புக்குச் சப்பாணியாக என்னை ஓரத்தில் இருத்திவைத்துவிட்டு ஆட்டத்தையே முடித்துவிட்டார்கள். மன்னார்க்காரருக்கு அந்த வீட்டிலிருந்தே தொலைபேசி எடுத்து மன்னிப்புக் கேட்டது நான்தான்.

அந்தத் தளத்தைப் பிறகு நான் திறக்கவில்லை. அப்பா காலமானபோது, அறிவித்தலை வேறெங்காவது போடச் சொல்லிச் சண்டை பிடித்துத் தோற்றேன். ஆனால் படித்ததை விடவில்லை. முதலில் ரோசத்தில் படித்தேன். பிறகு அதுவே தொழிலாயிற்று. சரக்கு நிறுவனத்தை விட்டு வெளியே வந்தேன். இன்று என் வீட்டு அடுப்பு எரிவது பைதனால். நேர்முகத் தேர்வுகளில் இதை எங்கே கற்றீர்கள் என்று கேட்டால், எஸ்-பானில் என்று சொல்லிச் சிரிக்க வைப்பேன். யார் சொல்லிப் படித்தேன் என்று ஒருபோதும் சொன்னதில்லை.

சென்ற வருடம் அக்கா மகளின் கலியாண விருந்தில் அத்தானுக்குப் பக்கத்தில் என்னை இருத்தினார்கள். தலை நரைத்து, கொஞ்சம் உடைந்திருந்தார். மாப்பிள்ளையின் தகப்பன் நான் என்ன வேலை என்று விசாரித்தார். நான் வாய் திறக்குமுன் அத்தான் என் தோளில் கை வைத்து, "இவளைப் பைதன் படிக்கச் சொன்னதே நான்தான்" என்றார். மேசையில் இருந்த எல்லாரும் மெச்சுதலோடு அவரைப் பார்த்தார்கள். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

"ஓம்" என்றேன்.