சாவியக்காவின் பெயரில்

அந்த மருத்துவமனையில் யாருக்குக் கடவுச்சொல் மறந்துபோனாலும் இரண்டாம் மாடியில் இருக்கும் கம்ப்யூட்டர் அறைக்குத்தான் வந்து நிற்க வேண்டும். அதனால் அந்த அறையைப் பார்த்துக்கொண்டவளுக்குச் சாவியக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. தலையைச் சொறிந்துகொண்டு வருபவர்களை அவள் சும்மா விடமாட்டாள்.

"கல்யாண நாளாவது ஞாபகம் இருக்கா? இல்ல, வீட்லயும் வாசல்லயே நிக்கறீங்களா?"

வாய் அப்படி, கை வேறு மாதிரி. திட்டி முடிப்பதற்குள் வேலையை முடித்துக் கொடுத்துவிடுவாள். "எனக்குத் தெரியல" என்று அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பரிசோதனை முடிவுகளையெல்லாம் வைத்துக்கொண்டு அறை மூலையில் இரைந்துகொண்டிருந்த பழைய சர்வருக்கு அவள் பெரியப்பா என்று பெயர் வைத்திருந்தாள். எல்லாம் தெரிந்தவர், ஆனால் எதைக் கேட்டாலும் ஒரு முறை கனைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார். வேடிக்கைக்கு வைத்த பெயரை நெட்வொர்க்கிலும் பதிந்து வைத்தாள். நீளமான உண்மைப் பெயரை எல்லோரும் மறந்தே போனார்கள்.

அந்த வருடம் புதிய ஏற்பாடு வந்தது. வார்டில் வேலை செய்பவர்கள் பரிசோதனை முடிவுகளைப் பார்க்கும் செயலி இனிமேல் கடவுச்சொல் கேட்கக் கூடாது. காலையில் கணினியில் ஒருமுறை நுழைந்தால் போதும். நுழைந்தவர் பெயரில் ஒரு டிக்கெட் கிடைக்கும். அன்று முழுவதும் செயலி அந்த டிக்கெட்டைக் காட்டி உள்ளே போய்க்கொள்ளும். பேருந்துப் பயணச்சீட்டு மாதிரிதான், ஆனால் இன்னார் இதைத்தான் பார்க்கலாம் என்ற வரம்பும் அதோடு சேர்ந்து வரும். வார்டுக்காரர்கள் தங்கள் நோயாளிகளின் முடிவுகளை மட்டும் பார்க்க முடியும். சாவியக்காவின் டிக்கெட்டுக்கு மட்டும் எந்தக் கதவும் தடையில்லை.

அவள் மேசையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பெண்கள் வார்டில் மட்டும் செயலி "அனுமதி இல்லை" என்று ஒரே பிடிவாதமாக நின்றது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். மறுநாள் மேனேஜர் முன்னால் செய்துகாட்ட வேண்டும்.

"நாளைக்கு ரெடிதானே சாவியக்கா?" என்று அவர் படியிலேயே மடக்கிக் கேட்டார்.

"இன்னும் ஆகல சார்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? "ரெடி சார்" என்றாள்.

செயலியில் ஒரு பழைய வழி இருந்தது. டிக்கெட் செல்லாவிட்டால் இன்ன பெயரில், இன்ன கடவுச்சொல்லில் உள்ளே விடு என்று எழுதி வைக்கலாம். அவள் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதினாள். செய்துகாட்டி முடித்ததும் எடுத்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தாள்.

மறுநாள் பெண்கள் வார்டில் செயலி வழுக்கிக்கொண்டு திறந்தது. மேனேஜர் கை தட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். "சாவியக்கா இருக்கும்போது நமக்கென்ன கவலை" என்று அவளை டீ குடிக்கக் கூட்டிப்போனார். பாராட்டைக் கேட்டுக்கொண்டே இருந்ததில் டீ ஆறிப்போனது. தன் பெயரை எடுக்க வார்டுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பது அவளுக்கு நினைவில் இருந்தது. இன்னொரு பேச்சு, இன்னொரு சிரிப்பு, அப்புறம் போகலாம் என்று உட்கார்ந்திருந்தாள்.

மதியம் அம்மா போனில் கூப்பிட்டாள். குரலில் சந்தோஷமும் கோபமும் கலந்திருந்தன.

"ஏண்டி, உன் தம்பி பொண்டாட்டிக்கு விசேஷமாமே! பெண்கள் வார்டு குமாஸ்தா, நம்ம தெருக்காரர்தான், போன் பண்ணி வாழ்த்து சொல்றார். மாமியார் நான், எனக்கு மூணாம் மனுஷன் சொல்லித் தெரியணுமா? அவளுக்கும் போன் பண்ணி நல்லாக் கேட்டுட்டேன்."

சாவியக்கா போனை வைத்தாள். தம்பி மனைவி அதற்குப் பக்கத்து வார்டில் நர்ஸ், பரிசோதனையும் இங்கேயேதான். இரண்டு முறை கரு தங்காமல் போனது. ஒவ்வொரு முறையும் ஊரெல்லாம் வாழ்த்திவிட்டு, பிறகு ஊரெல்லாம் வந்து துக்கம் விசாரித்தது. இந்த முறை அவள் யாரிடமும் மூச்சு விட்டிருக்கமாட்டாள்.

ஓடினாள். பெண்கள் வார்டின் குமாஸ்தா அசட்டுச் சிரிப்போடு எழுந்தார். "புது செயலி ஆச்சே, எல்லாம் வருதான்னு தெரிஞ்ச பேரா அடிச்சுப் பாத்தேன்க்கா. வந்துடுச்சு. நல்ல சேதிதானேன்னு அவங்க மாமியாருக்கு ஒரு வார்த்தை..."

"நல்லது கெட்டது பாக்க நீங்க யாரு?" என்று சீறினாள். சொன்ன வேகத்தில் அந்தக் கேள்வி அவளுக்கே திரும்பி வந்தது.

அவரை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்து, தன் பெயரை அழித்தாள். செயலியின் அமைப்பை மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தபோது, சர்வர் பெயர் இருக்கும் இடத்தில் "பெரியப்பா" என்று இருந்தது. டிக்கெட் கொடுக்கும் சர்வர் வேறு; அவருக்குச் செல்லப் பெயரெல்லாம் தெரியாது. உண்மைப் பெயருக்குத்தான் டிக்கெட் கொடுப்பார். அவள் மேசைக் கணினியில் முழுப் பெயர் இருந்ததால் அங்கே வேலை செய்திருக்கிறது. அதை மாற்றியதும் செயலி குமாஸ்தாவின் டிக்கெட்டிலேயே திறந்தது. இப்போது தம்பி மனைவியின் பெயரைத் தட்டினால் எதுவும் வரவில்லை. இவ்வளவுதான் விஷயம். நேற்று இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம். இல்லை, "ஆகல சார்" என்றிருக்கலாம்.

தம்பி மனைவி உடைமாற்றும் அறையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். செல்போன் மடியில் கவிழ்ந்து கிடந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அத்தை கேக்கறாங்க, 'எங்கிட்ட மறைக்க என்ன இருக்கு'ன்னு. நான் உங்ககிட்டகூடச் சொல்லல அண்ணி. நீங்க பாத்தீங்களா?"

"நான் பாக்கலம்மா. குமாஸ்தாதான்..."

சொல்லும்போதே நாக்கு கூசியது. குமாஸ்தா எட்டிப் பார்த்தது உண்மைதான். அவரைக் காட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். எல்லோரும் நம்புவார்கள், திட்டும் அவருக்குத்தான் விழும்.

"அவர் பாத்தது என் பேர்ல" என்றாள். "டிக்கெட் வேலை செய்யல. செய்யலன்னு சொல்ல வெக்கப்பட்டு, என் கடவுச்சொல்ல உள்ள வெச்சுட்டேன். எல்லாரும் நானாப் போய் பாக்கற மாதிரி."

"கை தட்டுனாங்களே, அதுக்கா?"

"ம்."

தம்பி மனைவி அழுவாள், கத்துவாள் என்று சாவியக்கா காத்திருந்தாள். அவள் எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

"மேனேஜர்கிட்ட நானே சொல்லிடறேன். அம்மாகிட்டயும் பேசறேன்" என்றாள் சாவியக்கா.

"பேசுங்க. தெரிஞ்சது தெரியாததா ஆகாது." வாசல்வரை போய்விட்டுத் திரும்பினாள். "அடுத்த டெஸ்ட்ட நான் வெளிய பாத்துக்கறேன் அண்ணி. இங்க வேண்டாம்."

மேனேஜரிடம் சொன்னாள். அவர் முகம் சுருங்கியதை அவளால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. அம்மாவிடம் சொன்னபோது, "போகட்டும் விடு, வீட்டு விஷயம்தானே" என்றாள் அம்மா. அந்தச் சமாதானத்தைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் காலை பெரியப்பா கனைத்துக் கனைத்து டிக்கெட்டுகளைப் பார்த்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வார்டாக உள்ளே நுழையும் பெயர்கள் திரையில் ஓடின. எல்லாம் பிசகில்லாமல் நடந்தது. நடுவில் தம்பி மனைவியின் பெயர் வந்தது. சாவியக்கா சட்டென்று திரையிலிருந்து பார்வையை எடுத்து, அந்தப் பெயர் மேலே போய் மறையும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.