தேவராசு மாமா எடுத்து வெச்ச சுளை

வீடு வீடாப் போயி சுகர் மாத்திரை குடுக்கறது என் வேலை. அதுல வாங்குற பேச்சுக்குத்தான் மாத்திரை இல்ல. மாத்திரைய ஒளிச்சு வைக்கிற ஆளு ஒங்க வீட்லயும் ஒருத்தர் இருந்தா, நான் சொல்றது புரியும்.

பலாவுக்கு ஒண்ணு

காடாம்புலியூர் தேவராசு மாமாவுக்குக் கொஞ்சம் முந்திரி, நாலு பலா மரம், பன்னெண்டு வருஷத்துச் சுகர். நான் மாசாமாசம் குடுத்த அட்டையெல்லாம் பிரிக்காம கூரையில சொருகிக் கெடந்துச்சு. விசாரிச்சா, பலா தின்ற அன்னைக்கு மட்டுந்தான் போடறாராம். காலு போயிடும், வெரல எடுக்கணும்னு தெரிஞ்சதையெல்லாம் சொல்லிப் பயமுறுத்துனேன். மனுஷன் அசரல.

"தின்னாத்தானம்மா சுகரு? திங்காத அன்னைக்கு எதுக்கு மாத்திரை?"

தோப்புலேர்ந்து வர்ற வழி

ரெண்டு வருஷம் போச்சு. ஒரு நாள் சொந்த முந்திரித் தோப்புக்குப் போனவருக்கு வீட்டுக்கு வர வழி தெரியல. அவரு மச்சான் தேடிப் புடிச்சுக் கூட்டியாந்தாரு. கடலூர்ல ஸ்கேன் பாத்த டாக்டர், வருஷக்கணக்கா அடங்காத சுகரும் பிரஷரும் மூளைக்குப் போற சின்ன ரத்தக்குழாயெல்லாம் கெடுத்துருக்குன்னாராம். இனிமேலாவது ஒழுங்காப் போட்டா, மேல கெடுறது மெதுவாகலாமாம்.

அவரு சம்சாரம் அஞ்சலை அக்காவும் எங்கிட்ட சுகர் மாத்திரை வாங்கறவங்கதான். அன்னைக்கு என்னைத் திட்டுவாங்கன்னு நெனச்சேன். திட்டியிருந்தா தேவலை.

"காலு போயிடும்னு அத்தினி வாட்டி சொன்னியே வாசுகி, நெனப்பு போயிடும்னு ஒரு வாட்டி சொல்லலியே."

எனக்கே அப்பத் தெரியாதுங்க.

மொத சுளை

அதுக்கப்பறம் அக்காவுக்கு ஒரே ஏக்கம், அவரு வாயால "அஞ்சல"ன்னு ஒரு தடவ கூப்புடணும். அந்தப் பேரு அவரு வாயில வந்து எட்டு மாசமாயிருந்துச்சு. அக்காவ யாரோ வேலைக்கு வந்தவங்கன்னு நெனச்சுக்குவாரு. இந்த மாச மாத்திரையில வந்துருமான்னு அக்கா கேக்கறப்பல்லாம், இருக்கற நெனப்பைக் காப்பாத்துவோம்க்கான்னு சொல்லிட்டு நழுவிடுவேன். எனக்கும் அந்தப் பேரக் கேக்கணும்னு ஆசையாத்தான் இருந்துச்சு.

போன சீசன்ல நான் போனப்ப, மாமா பலாவைத் தட்டிப் பாத்துக்கிட்டு இருந்தாரு. அது மட்டும் மறக்கல. பழுத்ததைச் சரியா எடுத்தாரு. அக்கா கையில எண்ணெயத் தடவி அரிஞ்சாங்க. அவரு பெரிய சுளையா ஒண்ணை எடுத்து, கொட்டைய நீக்கி, அக்காகிட்டயே நீட்டுனாரு.

"இது எங்க அஞ்சலைக்கும்மா. வந்தா குடுத்துடு."

சுளைய வேணாம்னு சொல்றதுக்குத்தான் எனக்குச் சம்பளம், ஆனா அன்னைக்கு "தின்னுக்கா"ன்னு சொன்னது நாந்தான்.