கூப்பிட்டால்தான் வருவான்

பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் தெரிந்த படம்தான். பழைய ஆங்கில நாவல் ஒன்றிலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். மலைமேல் பாழடைந்த கோட்டை. பகலெல்லாம் சவப்பெட்டியில் படுத்துக் கிடந்துவிட்டு, இருட்டியதும் எழுந்து ரத்தம் குடிக்கப் புறப்படும் ஒரு பிரபு. ஆள் என்னவோ மரியாதைக்காரன்தான். நல்ல உடுப்பு, நல்ல பேச்சு. ஒரே ஒரு கட்டுப்பாடு அவனுக்கு. யார் வீட்டுக்குள்ளும் அவனாக நுழைய முடியாது. வீட்டில் இருப்பவர்கள் வாயைத் திறந்து உள்ளே கூப்பிட வேண்டும்.

இந்தக் கட்டுப்பாட்டைப் பார்த்து நானும் எதிர்வீட்டு மராத்திக்காரியும் சிரித்த சிரிப்பு கொஞ்சமல்ல. மும்பை செம்பூரில் எங்கள் கட்டடத்தில் இரண்டு வீட்டுக் கதவும் நேருக்கு நேர். அவள் தனியாக இருப்பவள். எங்களுக்கும் பிள்ளைகள் கிடையாது. அவள் தலை வாசலில் தெரிந்தாலே நான் "வாங்க, வாங்க" என்பேன். அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அதுதான். "உங்க வீட்டுக்கு வந்தா அந்தாளுக்குக் கஷ்டமே இல்ல, காபியும் சேர்த்துக் கிடைக்கும்" என்று ஹிந்தியில் கேலி செய்வாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீட்டில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஒரு தட்டு சிவ்டா மிக்சரை நடுவில் வைத்துக்கொண்டு பேய்ப்படம் பார்ப்போம். என் வீட்டுக்காரருக்கு அது ஆகாது. "பட்டப்பகல்ல ரெண்டு பேயும் சேந்து பேய்ப் படம் பாக்கப் போவுது" என்று சொல்லிவிட்டு, பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிப்போவார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அவர் போனார். "இன்னொரு தடவை அந்தப் பிரபுவைப் பார்ப்போம்" என்று அவள்தான் கூப்பிட்டிருந்தாள். படம் பாதி ஓடியபோது, அவருக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து வந்தேன். பேப்பர் முகத்தின் மேல் அப்படியே கிடந்தது. டீயைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் எழுப்பினேன். கை சில்லென்று இருந்தது.

தாராவியிலிருந்து மதினி ஓடி வந்தாள். அவருடைய அக்கா. வீட்டை அவள் கையில் எடுத்துக்கொண்டாள். அழுகைக்கு நடுவிலும் என் காதில் முதலில் சொன்னது இதுதான்: "ஏளா, வாறவங்கள வாங்கன்னு சொல்லிராத. போறவங்களும் போயிட்டு வாறேன்னு சொல்ல மாட்டாவ, நீ ஒண்ணும் நெனச்சுக்கிடாத."

எனக்குத் தெரியாததா? துக்க வீட்டில் யாரையும் கூப்பிடுவதில்லை. வருகிறவர்கள் தாமாக வந்து தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள், சொல்லாமல் எழுந்து போவார்கள். நம் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

மறுநாள் எதிர்வீட்டுக்காரி வந்தாள். கையில் ஸ்டீல் டப்பா. சாவு விழுந்த வீட்டுக்கு அவர்கள் பக்கத்தில் கொடுத்தனுப்புகிற பிட்லாவும் பாக்ரியும். கடலைமாவுக் கூட்டும் சோள ரொட்டியும். கதவு விரியத் திறந்துதான் கிடந்தது. அவள் நிலைப்படிக்கு வெளியே நின்று என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். வாய்வரை வந்த சொல்லை விழுங்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, டப்பாவை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

அதோடு சரி. பதினாறு முடிந்து மதினியும் கிளம்பினாள். எதிர்வீட்டுக்காரி மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. லிஃப்டில் சேர்ந்து ஏறினால் போனைப் பார்த்துக்கொண்டே இறங்குவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷப் பழக்கம், கல் நெஞ்சக்காரி, இவளுக்காகவா நான் காபி கலந்து கலந்து கொடுத்தேன் என்று பாத்திரத்தோடு சண்டை போட்டேன். வேறு யாரோடு போடுவது? பால்காரனோடும் வாட்ச்மேனோடும் பேசுவதுதான் பேச்சு. சில நாள் அதுவும் இல்லை. சாயங்காலம் எதிர்வீட்டில் குக்கர் விசில் கேட்கும். அங்கும் ஒருத்திக்குத்தான் சமையல் என்று நினைத்துக்கொள்வேன். ரொம்பத் தனியாக இருந்தது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மழைக்காலத்து மத்தியானம் ஒன்றில், பாதியில் விட்ட அந்தப் படத்தை நானே டிவியில் போட்டேன். பிரபு வாசலுக்கு வந்து நிற்கிற இடம் வந்தது. கதவு திறந்திருக்கிறது. வீட்டுக்காரப் பெண் எதிரே நிற்கிறாள். அவள் வாயைப் பார்த்துக்கொண்டு அவன் காத்திருக்கிறான். எப்போதும் சிரிக்கிற இடம். சிரிப்பு வரவில்லை. இந்த நிற்பை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கையில் ஒரு டப்பாவோடு.

படத்தை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு ஓடிப்போய் அவள் வீட்டு மணியை அடித்தேன். கதவைத் திறந்தவளிடம் மூச்சு வாங்க எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். எங்களில் துக்க வீட்டில் கூப்பிட மாட்டோம். உங்களை மட்டும் இல்லை, யாரையுமே கூப்பிடவில்லை.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் வேற நினைச்சேன்" என்றாள். "அன்னிக்குப் படம் பாக்க நான்தானே கூப்பிட்டேன்? கூப்பிடாம இருந்திருந்தா நீங்க அவர் பக்கத்துல இருந்திருப்பீங்க. அதுக்காகத்தான் என்னை உள்ள விடலன்னு..."

அப்படி நான் நினைக்கவே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகை வந்துவிட்டது. அவளை நான் குறை சொல்லவில்லைதான். ஆனால் அவர் பக்கத்தில் ஏன் இல்லை என்று என்னையே தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன். அதே கேள்வியை எதிர்வீட்டில் அவளும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

நான் திரும்பி நடந்தேன். பின்னாலேயே வந்தவள் என் வாசலில் நின்றுவிட்டாள். உள்ளே டிவியில் பிரபுவும் அப்படியே நின்றுகொண்டிருந்தான்.

"வாங்க" என்றேன். அவர் போனபிறகு அந்த வீட்டில் யாரும் சொல்லாத சொல். தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது.

அவள் செருப்பைக் கழற்றினாள்.